மேப் குறிக்கத் தெரியும், மேப் படிக்கத் தெரியுமா?

சிவகாசியில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சில சத்தங்கள் வேறு மாதிரி இருக்கும். ஜன்னல் கதவு ஒருமுறை அதிரும். உடனே தெருவே மொட்டை மாடிக்குப் போய்விடும். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது, சாத்தூர் பக்கமா, வெம்பக்கோட்டை பக்கமா என்று மாடிக்கு மாடி பேச்சு நடக்கும்.

அப்படி ஒரு நாளில் பக்கத்து வீட்டுப் பெண் மூச்சு வாங்க என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். "மாமா, எங்கம்மா வேலை பாக்குற எடம் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

கூகுள் மேப்பைத் திறந்தேன். "எந்த ஊருப் பக்கம்மா?" "தெரியல மாமா. காலைல வேன் வரும், ஏறிப் போவாங்க." "எந்த ரோட்டுல போகும்?" "தெரியல." ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது என்பதால் போன் செய்து கேட்கவும் வழியில்லை. திரையில் மாவட்டம் முழுவதும் விரிந்து கிடந்தது. எங்கே தேடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மாலையில் அவள் அம்மா நல்லபடியாக வீடு திரும்பினார். விபத்து வேறு இடத்தில். ஆனால் அன்றிரவு எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பெண் சமூக அறிவியல் பரீட்சையில் மேப் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குகிறவள். இந்திய மேப்பில் தக்காண பீடபூமியையும் சோழமண்டலக் கடற்கரையையும் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பாள். தன் அம்மா தினமும் போய்வரும் இடத்தை அவளால் குறிக்க முடியவில்லை.

தவறு அவளுடையது அல்ல. நம் பிள்ளைகள் மேப்பைக் குறிக்கக் கற்கிறார்கள், படிக்கக் கற்பதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்கார வைத்து, என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மேப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடங்களை இங்கே தருகிறேன். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் செய்து பார்க்கலாம்.

தேவையானவை

இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், காம்பஸ் வசதியுள்ள ஒரு செல்போன். சாப்ட்வேர் என்று பார்த்தால் கூகுள் எர்த் புரோ ஒன்று போதும். 2005-இல் கூகுள் எர்த் வந்தபோது அதன் புரோ பதிப்பு கட்டணத்துக்கு விற்கப்பட்டது. 2015 முதல் அதுவும் இலவசம். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். நம் இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் தளத்தையும் பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம்.

பாடம் 1: ‘மேல’ என்றால் எந்தத் திசை?

முதல் நாளே ஒரு குழப்பம். "மேப்பில் மேலத்தெரு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டேன். ஐந்து பேரும் திரையின் மேல் பக்கத்தைக் காட்டினார்கள். அது வடக்கு!

நம் ஊர்களில் மேலத்தெரு என்றால் மேற்கே உள்ள தெரு, கீழத்தெரு என்றால் கிழக்கே உள்ள தெரு. மேல் என்ற சொல்லோடு மேற்கும், கீழ் என்ற சொல்லோடு கிழக்கும் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல். மேட்டுப்பக்கம் மேற்கு, பள்ளப்பக்கம் கிழக்கு. நம் மொழியிலேயே ஒரு புவியியல் பாடம் இருக்கிறது. அச்சடித்த மேப்பின் ‘மேலே’ வேறு, நம் பேச்சின் ‘மேல’ வேறு என்பதை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இதைக் கண்ணால் காட்ட முடியும். கூகுள் எர்த் புரோவில் ஆட் பாத் பட்டனை அழுத்தி, ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள மலையில் ஒரு கிளிக், சிவகாசியில் ஒரு கிளிக், அருப்புக்கோட்டையில் ஒரு கிளிக் செய்யுங்கள். பெயர் கொடுத்து ஓகே செய்யுங்கள். இடது பக்கப் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, ஷோ எலிவேஷன் புரொஃபைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையின் கீழே நிலத்தின் குறுக்குவெட்டு வரைபடமாக வரும். இடது ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை செங்குத்தாக நிற்கும். அதன் பின் நிலம் கிழக்கு நோக்கிச் சரிந்துகொண்டே போகும். வைப்பாறு ஏன் கிழக்கே ஓடுகிறது என்ற கேள்விக்குப் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு குறிப்பு: மவுஸால் படத்தைத் திருப்பிவிட்டால் திசை மாறிவிடும். கீபோர்டில் N எழுத்துள்ள கீயை அழுத்தினால் வடக்கு மறுபடி மேலே வந்துவிடும்.

பாடம் 2: இரண்டு எண்களில் ஒரு இடம்

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் திறந்து, 3டி வியூ பகுதியில் ஷோ லேட்/லாங் என்ற இடத்தில் டெசிமல் டிகிரீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி கர்சரை எங்கே வைத்தாலும் திரையின் அடியில் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தசம எண்களாகத் தெரியும். சிவகாசிக்கு ஏறத்தாழ 9.45, 77.80. விருதுநகருக்கு 9.58, 77.95.

ஒரு டிகிரி அட்சரேகை ஏறத்தாழ 111 கி.மீ. ஆகவே 9.45ஐ 111ஆல் பெருக்கினால், நிலநடுக்கோட்டிலிருந்து சிவகாசி சுமார் 1,050 கி.மீ. வடக்கே இருப்பது தெரியும். ராஜபாளையத்தின் அட்சரேகையைப் பாருங்கள். அதுவும் 9.45. அதாவது ராஜபாளையம் சிவகாசிக்கு நேர் மேற்கு. எண்ணைப் பார்த்தே திசையைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் தேவை? இரண்டு இலக்கம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர் துல்லியம், ஊரைக் காட்டும். நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், வீட்டைக் காட்டும். யாருக்காவது இடத்தை அனுப்பும்போது நான்கு இலக்கமாவது கொடுங்கள்.

இரண்டு எண்களையும் இடம் மாற்றிவிடக் கூடாது. ஒரு பையன் 77.80, 9.45 என்று மாற்றி டைப் செய்தான். கூகுள் எர்த் எங்களை வட துருவத்தை ஒட்டி, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் கொண்டு போய்விட்டது. அதன் பிறகு யாரும் மறக்கவில்லை: முதலில் அட்சரேகை, அடுத்து தீர்க்கரேகை.

இந்த எண்களை நம்பலாமா என்று அதே பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் வரை பொறுத்திருக்கச் சொன்னேன். அந்த நாளை ஒட்டி, 9.45 டிகிரி அட்சரேகையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மொட்டை மாடியில் ஒரு பிவிசி பைப் துண்டைச் செங்குத்தாக நிறுத்தினோம். பன்னிரண்டு மணிக்கு நிழல் கொஞ்சம் மேற்கே நீண்டிருந்தது. குறைந்துகொண்டே வந்து 12.19 வாக்கில் பைப்புக்குள்ளேயே ஒளிந்துகொண்டது.

ஏன் 12 மணிக்கு இல்லாமல் 12.19? இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்படுகிறது. சிவகாசி அதற்கு 4.7 டிகிரி மேற்கே இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். 4.7ஐ 4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 19 நிமிடம். அட்சரேகை தேதியைச் சொன்னது, தீர்க்கரேகை மணியைச் சொன்னது. உங்கள் ஊரிலும் செய்து பாருங்கள். நாகர்கோவிலில் ஏப்ரல் 10, 11 தேதிகளிலும், சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் நிழல் மறையும்.

பாடம் 3: அளவுத்திட்டம்

இது பிள்ளைகளுக்குக் கடினமான பாடம் என்று நினைத்தேன். ஆனால் ஐவரில் ஒருவன் அச்சக வீட்டுப் பையன். "லேபிளை பாதியா ரெடியூஸ் பண்ணா 20 சென்டிமீட்டர் 10 சென்டிமீட்டர் ஆகும் மாமா. ஊரை ஐம்பதாயிரத்துல ஒரு பங்கா ரெடியூஸ் பண்ணதுதானே இது?" என்று அவனே சொல்லிவிட்டான். 1:50,000 என்றால் அதுதான். மேப்பில் 1 செ.மீ. நிலத்தில் 50,000 செ.மீ., அதாவது அரை கிலோமீட்டர். ஸ்கேலை வைத்து அளந்து 2 செ.மீ. வந்தால் 1 கி.மீ.

இதற்கு இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட் மிகவும் ஏற்றது. அத்துறையின் ஆன்லைன் மேப் தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு 1:50,000 அளவு மேப்புகளை பிடிஎஃப் ஆக டவுன்லோட் செய்யலாம். பழைய வரிசைப்படி சிவகாசியும் சாத்தூரும் 58 ஜி/15 என்ற ஷீட்டில் வரும். விருதுநகர் அதற்கு மேலே உள்ள 58 ஜி/14. ஒரு ஷீட் கால் டிகிரி உயரம், கால் டிகிரி அகலம். 9.25 முதல் 9.50 வரை ஒரு ஷீட், 9.50 முதல் 9.75 வரை அடுத்தது. இப்போது உங்கள் ஊர் எந்த ஷீட்டில் வரும் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பிரிண்ட் விண்டோவில் ஃபிட் என்று இருந்தால் தாளுக்கு ஏற்றபடி மேப் சுருங்கிவிடும். 1:50,000 என்று அச்சாகியிருக்கும், ஆனால் அது பொய்யாகிவிடும். ஆக்சுவல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேப்பின் அடியில் கோடாக வரைந்திருக்கும் ஸ்கேல் பார் மட்டும் மேப்போடு சேர்ந்தே சுருங்குவதால் எப்போதும் சரியாக இருக்கும். கம்ப்யூட்டர் திரையிலும் அப்படித்தான். ஜூம் செய்தால் விகிதம் மாறும். ஸ்கேல் பாரை மட்டும் நம்புங்கள்.

பாடம் 4: வானத்திலிருந்து ஊரைப் படிப்பது

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே சாட்டிலைட் படத்தை ஜூம் செய்து மெதுவாக நகர்த்துங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, என்னென்ன தெரிகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

முதலில் கண்மாய்கள். பிறை வடிவில் ஒரு கரை, அதன் உள்பக்கம் தண்ணீர் அல்லது கருவேலங்காடு. கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். தண்ணீரைத் தடுக்கக் கரையைப் பள்ளப் பக்கத்தில்தான் கட்டுவார்கள். ஆகவே கரை இருக்கும் பக்கம் நிலம் சரிகிறது. உயரம் காட்டும் எண் ஒன்றுகூட இல்லாமல் நிலத்தின் சரிவைச் சொல்லிவிடலாம். வியூ மெனுவில் ஹிஸ்டாரிக்கல் இமேஜரி என்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்லைடரை நகர்த்தினால், அதே கண்மாய் ஒரு வருடம் நிரம்பியும் ஒரு வருடம் வறண்டும் இருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்து, கரிசல் காட்டின் நடுவே சிறு சிறு சதுரக் கட்டடங்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். "என்ன இது, கோழிப்பண்ணையா?" என்றான் ஒருவன். கோழிப்பண்ணை நீளமாக இருக்கும். இவை பட்டாசு ஆலைகள். ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவாமல் இருப்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடையே எவ்வளவு இருக்க வேண்டும் என்று விதிமுறை உண்டு. டூல்ஸ் மெனுவில் உள்ள ரூலரை எடுத்து அந்த இடைவெளியைப் பிள்ளைகளே அளந்தார்கள். அடையாளம் கண்டபின், அந்தச் சதுரப் புள்ளிகள் வட்டாரம் முழுவதும் கண்ணில் பட ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடம் 5: இரண்டு மொட்டை மாடி, ஒரு புள்ளி

தூரத்தில் தெரியும் ஒன்று எங்கே இருக்கிறது என்று, அங்கே போகாமலே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். நாங்கள் ஒரு குடிநீர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொண்டோம்.

என் மாடியிலிருந்து செல்போன் காம்பஸை தொட்டிக்கு நேராகப் பிடித்தால் 62 டிகிரி காட்டியது. ஒரு கிலோமீட்டர் தெற்கே உள்ள நண்பர் வீட்டு மாடியிலிருந்து 38 டிகிரி. கூகுள் எர்த்தில் ரூலரை எடுத்து, என் வீட்டில் கிளிக் செய்து, ஹெடிங் என்ற இடத்தில் 62 வரும்படி ஒரு கோடு இழுத்து சேவ் செய்தோம். நண்பர் வீட்டிலிருந்து 38 வரும்படி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் ஜூம் செய்தால், தொட்டி கொஞ்ச தூரம் தள்ளித் தெரிந்தது. ஓடிப் போய்ப் பார்க்காமலே அதன் இருப்பிடம் கிடைத்துவிட்டது. மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றால் காம்பஸ் தவறாகக் காட்டும், தள்ளி நில்லுங்கள்.

இது புதிய வித்தை அல்ல. 1802-இல் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கி.மீ. நீளக் கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியாவையே அளந்தார்கள். எவரெஸ்டின் உயரத்தை 1850-களில் கணக்கிட்டதும் இதே முறையில்தான். நாங்கள் செய்தது அதன் மொட்டை மாடிப் பதிப்பு.

தீபாவளி ராத்திரியில் இன்னொரு பயிற்சி உண்டு. வானத்தில் வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் கேட்கும் வரை வினாடிகளை எண்ணுங்கள். 3 வினாடி என்றால் ஏறத்தாழ 1 கி.மீ.

மேப் எதற்கு?

இதைப் படித்துவிட்டு, புகை வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஓடலாம் என்று எந்தப் பிள்ளையும் நினைத்துவிடக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதலில் பிடித்த தீயைப் பார்க்கவும் உதவி செய்யவும் ஓடி வந்தவர்கள் பலரும் பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் இதை யாரும் மறக்கவில்லை.

ஆகவே ஐந்தாம் பாடத்தோடு இன்னொன்றையும் சேர்த்தேன். ரூலரில் சர்க்கிள் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு இடத்தைச் சுற்றி 1 கி.மீ. வட்டம் போடுங்கள். இது பயிற்சிக்காக நாங்களே எடுத்துக்கொண்ட தூரம், விதிமுறை சொல்லும் தூரம் அல்ல. வட்டத்துக்குள் எத்தனை வீடுகள், எந்தப் பள்ளிக்கூடம், வெளியேற எந்த ரோடு என்று எண்ணச் சொல்லுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசினால் புகை எந்த ஊருக்குப் போகும் என்று கேளுங்கள்.

அடுத்து, 108-க்கு போன் செய்தால் என்ன சொல்வது? "வெம்பக்கோட்டை பக்கம்" என்றால் போதாது. ஊர் பெயர், தாலுகா, எந்த மெயின் ரோட்டிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு இடத்தைக் கொடுத்து, மேப்பைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்னேன். முதல் முறை எல்லோரும் திணறினார்கள். நான்காவது முறை பதற்றமில்லாமல் சொன்னார்கள்.

கவனிக்க வேண்டியவை

மேப்பில் இருப்பதெல்லாம் சரி என்று நம்பாதீர்கள். எங்கள் பக்கத்துச் சின்னக் கிராமங்கள் சிலவற்றின் பெயர் தப்பாக இருந்தது. சில கண்மாய்களுக்குப் பெயரே இல்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தளத்தில் அக்கவுண்ட் திறந்து, உங்களுக்கு நேரில் தெரிந்த பெயர்களை நீங்களே தமிழில் சேர்க்கலாம். கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். கூகுளின் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கவும் கூடாது.

சாட்டிலைட் படம் இன்று எடுத்தது அல்ல. படம் எடுத்த தேதி திரையின் அடியில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் இருப்பிடத்தைக் குடும்பத்தினருக்கு மட்டும் அனுப்பப் பிள்ளைகளைப் பழக்குங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட வேண்டாம்.

எண்கள் நினைவில் நிற்கவில்லை என்றால், அஞ்சல் துறை 2025-இல் அறிமுகப்படுத்திய டிஜிபின் உதவும். நாட்டையே சுமார் 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துள்ள ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் தன் அம்மாவையும் கூட்டி வந்தாள். அம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. "வேன் ரயில்வே கேட் தாண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்பும், அப்புறம் ஒரு கண்மாய்க் கரை வரும்" என்று அவர் சொல்லச் சொல்ல, மகள் மவுஸை நகர்த்தினாள். கண்மாய் வந்தது. கரை வந்தது. அதைத் தாண்டிச் சதுரக் கட்டடங்கள் வந்தன. "இந்தா, இந்த வேப்ப மரத்தடிலதான் சாப்பிடுவோம்" என்று அம்மா திரையில் விரலை வைத்தார்.

மகள் அங்கே ஒரு பிளேஸ்மார்க் வைத்தாள். பிறகு வீட்டுக்குப் போய், சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் அட்டையில் அந்த இரண்டு எண்களையும், ஊர் பெயரையும், போகும் வழியையும் பேனாவால் எழுதி வைத்தாள்.

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்கு மேப்பில் காட்டத் தெரியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள்.